புறாவாற் பொருத்து: தச்சுப் பட்டறையிலிருந்து பாராளுமன்றம் வரை

பழைய எழுத்துமேசை ஒன்றின் லாச்சியை முழுவதும் வெளியே இழுத்தெடுத்து, அதன் முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் கூடும் மூலையை ஊன்றி நோக்குவோர் ஆங்கே ஆணி ஒன்றையும் காணார். பக்கப் பலகையின் முனையிலே, அடி குறுகி நுனி அகன்ற பற்கள் சில வெட்டப்பட்டிருக்கும். அப்பற்கள் முகப்புப் பலகையிற் குடைந்த குழிகளுள் இறுகப் பொருந்தியிருக்கும். எத்தனை ஆண்டுகள் எத்தனை கைகள் இழுத்தாலும் முகப்பு மட்டும் கழன்று கையோடு வந்துவிடுவதில்லை. பற்களின் வடிவு விரிந்த புறாவாலை ஒத்திருத்தலின் ஆங்கிலத் தச்சர் இதற்கு 'டவ்டெயில்' என்று பெயரிட்டனர். தமிழில் இதனைப் புறாவாற் பொருத்து என்போம்.

இச்சொல்லை இன்று ஆங்கிலத்தில் ஆளுவோருட் பெரும்பாலார் உளியைக் கையால் தொட்டறியாதவர். ஒரு திட்டம் இன்னொரு திட்டத்தோடு 'டவ்டெயில்' ஆகிறது என்று அலுவலக அறிக்கை கூறும். ஒரு சாட்சியின் கூற்று மற்றொரு சாட்சியின் கூற்றோடு அவ்வாறே ஆகிறது என்று பத்திரிகை கூறும். இரண்டும் முரணின்றி இயைந்தன என்பதற்குமேல் அங்கே பொருள் இல்லை. படிப்பவர் உள்ளத்தில் மரமும் தோன்றுவதில்லை, புறாவும் தோன்றுவதில்லை.

சொல்லொன்று பட்டறையை விட்டு ஏட்டுக்குச் செல்லும்போது எதனை உடன்கொண்டு செல்கிறது, எதனை விட்டுச் செல்கிறது என்பதே ஈண்டு எமது ஆராய்ச்சி. இச்சொல் தன் பயணத்தில் விட்டுச் சென்றது தச்சனையே என்பது எமது துணிபு. அதனை நிறுவுதற்கு எட்மண்ட் பேர்க் 1774ஆம் ஆண்டிற் செய்த சொற்பொழிவின் ஒரு பகுதியை உரைகல்லாகக் கொள்வோம். பேர்க்கின் அமெரிக்கச் சொற்பொழிவுகள் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் நெடுங்காலம் பாடமாக இருந்தவை. எனவே பழைய மாணவர் பலர்க்கு இப்பகுதி புதியதன்று. ஆயினும் பரீட்சைக்காகப் படித்ததை மரவேலை அறிவோடு மீண்டும் படித்தால் வேறொரு பொருள் புலனாகும்.

முதலிற் பெயரை நோக்குவோம். உவமைக்கு நிலைக்களமானவற்றைத் தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். மெய் என்பதை வடிவு என்றும், உரு என்பதை நிறம் என்றும் உரையாசிரியர் கொள்வர். டவ்டெயில் என்னும் பெயர் மெய்யுவமத்தாற் பிறந்தது. பல்லின் வடிவு வாலின் வடிவை ஒத்தது, அவ்வளவே. புறாவின் இயல்புகளுள் வேறொன்றும் அதிற் சேரவில்லை. பிற மொழியார் இதே பல்லில் வேறு உயிர்களைக் கண்டனர். பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், டச்சுக்காரர், ஜெர்மானியர் ஆகியோர் தகைவிலான் குருவியின் வால் என்றனர். ஸ்பானியர் பருந்தின் வால் என்றனர். உரோமரோ பறவையை நாடவில்லை. கட்டடக்கலை நூல் செய்த வித்ரூவியஸ் இவ்வடிவைச் சிறு கோடரி என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தார். தகைவிலானின் வால் நடுவே பிளவுபட்டது, இப்பல்லோ பிளவற்றது. ஆதலின் உவமையின் செம்மையை மட்டும் நோக்கிப் பரிசளிப்பதாயின் ஆங்கிலத் தச்சனுக்கே அளித்தல் வேண்டும். கோடரியைக் கண்ட உரோமனும் குறைந்தவன் அல்லன். அவன் தன் கையிலிருந்த கருவியையே உவமையாக்கினான்.

ஆங்கிலத்தில் இப்பெயர்ச்சொல் 16ஆம் நூற்றாண்டிலும் வினைச்சொல் 17ஆம் நூற்றாண்டிலும் வழக்குக்கு வந்தன. பொருளோ பெயரினும் மிகப் பழையது. பண்டை எகிப்தியர் செய்த மரப்பொருள்களிலே இப்பொருத்து உண்டு.

இனி, இச்சொல் மரத்தை விட்டு மனிதர் செயல்களுக்கு ஏறும்போது உவமையின் நிலைக்களம் மாறிவிடுகிறது. இரு திட்டங்கள் டவ்டெயில் ஆகின்றன என்போர் வால்வடிவை நினைப்பதில்லை. பொருத்தின் வினையையும் பயனையும் நினைக்கின்றனர். ஆக, ஒரு மெய்யுவமத்தின்மேல் ஒரு வினையுவமம் அடுக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டாம் படியிலே புறா பறந்துபோதல் இயல்பு, அது குற்றமன்று. வினையை உவமையாக்கிய பின் அவ்வினையைப் பற்றிய அறிவும் பறந்துபோனால் என் செய்வது என்பதே எமது வினா.

அவ்வறிவு யாது? பட்டறையிற் புகுந்து பார்ப்போம். இப்பொருத்தில் இரு பலகைகளும் ஒரே வேளையில் வெட்டப்படுவன அல்ல. முதலில் ஒன்றைத் தச்சன் தன் கணக்கின்படி வெட்டுகிறான். பின்னர் அதனை மற்றதன் முனைமேல் வைத்துக் கூரிய முள்ளாற் கோடு கீறி, அக்கோட்டின்படி மற்றதை வெட்டுகிறான். எனவே ஒன்று அளவு தருவது, மற்றது அளவு பெறுவது. இரண்டும் பொருந்தின என்றால் அவற்றுள் ஒன்று மற்றதற்காக வெட்டப்பட்டது என்பதே பொருள். பல்லின் சாய்வும் மனம்போனபடி அமைவதன்று. மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, வன்மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்பது தச்சர் கொண்ட பழைய விகிதம். சாய்வு குறைந்தால் பல் வழுக்கி வெளியே வரும். மிகுந்தால் பல்லின் மூலையிலுள்ள குறுநார் தெறித்து உடையும்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. இப்பொருத்து ஒரு திசை இழுப்பையே தாங்கும். தச்சன் எத்திசையிற் செலுத்திப் பலகைகளைக் கூட்டினானோ அத்திசையிலே திருப்பித் தட்டினால் அவை பிரிந்துவிடும். அத்திசையில் அவற்றைப் பிடித்து வைப்பது வச்சிரப்பசையே. லாச்சியை நாம் இழுக்கும் திசை எதுவென்று அறிந்து, அதற்கேற்பப் பற்களை எந்தப் பலகையில் வெட்டுவது என்று தச்சன் முடிவு செய்கிறான். மற்றது மரத்தின் இயல்பு பற்றியது. மரம் வெட்டிப் பலகையான பின்னும் ஓய்வதில்லை. மாரியில் அகன்றும் கோடையிற் சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும். நாரோட்டத்தின் நீளப்போக்கில் இவ்வசைவு மிகச் சிறிது, குறுக்கே பெரிது. நன்கு செய்த புறாவாற் பொருத்தில் இரு பலகைகளின் நாரும் மூலையில் ஒன்றையொன்று தொடருமாறு அமைவதால், இரண்டும் ஒருங்கே அகன்று ஒருங்கே சுருங்கும். நூறாண்டு நிற்பதன் இரகசியம் இதுவே. பல்லின் இறுக்கம் அதற்குத் துணை மட்டுமே.

இத்தகைய அறிவு இங்கிலாந்தில் ஒருகாலத்திற் சட்டமாகவும் இருந்தது. இலண்டனில் மரவேலை செய்வார் கட்டுமானத் தச்சர், பொருத்துத் தச்சர் என இரு சங்கத்தாராய்ப் பிரிந்து, எவ்வேலை எவர்க்குரியது என்று நெடுநாள் வழக்காடினர். 1632இல் நகர மன்றத்தார் தீர்ப்பளித்தபோது, ஆணி அறைந்து செய்வன கட்டுமானத் தச்சர்க்கு என்றும், துளையும் கழுந்தும் புறாவாலும் பசையும் கொண்டு செய்வன பொருத்துத் தச்சர்க்கு என்றும் பிரித்தனர். ஆகவே டவ்டெயில் என்பது ஒரு தொழிலாளனின் மானத்துக்கும் வருவாய்க்கும் எல்லைக்கல்லாய் நின்ற சொல்.

இந்நகரத்திலே நாடகம் செய்த சேக்ஸ்பியர் மரவேலைச் சொற்களைக் கையாண்ட விதம் ஈண்டு நோக்கத்தக்கது. 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் வரும் பொருத்துத் தச்சனுக்கு 'இறுகப் பொருந்தியவன்' என்னும் கருத்துப்படப் பெயரிட்டு நகையாடுகிறார். 'கொரியோலேனஸ்' நாடகத்தில் மனத்துக்கு ஒவ்வாமையை நாரோட்டத்துக்கு எதிராதல் என்று குறிக்கிறார். 'ஆஸ் யூ லைக் இட்' என்னும் நாடகத்தில் வரும் ஓரிடம் எமது பொருளுக்கு மிக நெருங்கியது. விதூடகன் ஒருவன் காட்டிலே அரைகுறைப் பாதிரி ஒருவரைக் கொண்டு விவாகம் செய்துகொள்ள முனைகிறான். அப்போது ஜேக்விஸ் என்பான் தடுத்து, சுவர்ப்பலகை சேர்ப்பதுபோல இவர் உங்களைச் சேர்த்துவிடுவார், பின்னர் உங்களுள் ஒருவர் சுருங்கிய பலகையாகிப் பச்சைமரம்போல முறுக்கிக்கொள்வீர் என்ற கருத்துப்பட எச்சரிக்கிறான். இவ்வெச்சரிக்கையிற் செறிந்துள்ள தொழிலறிவைக் காண்க. சேர்ந்த நாளில் எல்லாம் நேராகவே இருக்கும். ஈரம் உலர்ந்த பின்னரே குற்றம் வெளிப்படும். சேர்ப்பவனுக்கு மரம் பார்க்கத் தெரியவேண்டும். அறியாதவன் சேர்த்தால் சேர்க்கப்பட்டவரே பழி சுமப்பர். உருவகத்துள் மரமும் இருக்கிறது, தச்சனும் இருக்கிறான், காலமும் இருக்கிறது.

இனிப் பேர்க்கிடம் வருவோம். இடத்தை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள்மீது 1765இல் விதித்த முத்திரை வரியை 1766 மார்ச்சில் நீக்கியவர் றொக்கிங்ஹாம் பிரபுவின் மந்திரிசபையார். பேர்க் அப்பிரபுவின் அந்தரங்கச் செயலாளர். அதே ஆண்டு யூலையில் அம்மந்திரிசபை நீங்க, சதாம் பிரபுவாக உயர்த்தப்பட்ட மூத்த வில்லியம் பிற் புதிய மந்திரிசபையை அமைத்தார். கட்சிகளை உடைத்து, எல்லாத் தரப்பிலுமிருந்தும் ஆட்களைப் பொறுக்கிச் சேர்ப்பதே அவர் கொள்கை. அமெரிக்கர்மீது வரி விதிக்கப் பாராளுமன்றத்துக்கு உரிமையில்லை என்று வாதித்தவர் சதாம். அவ்வாறே வாதித்த கம்டன் பிரபு நீதித்துறைத் தலைவரானார். முத்திரை வரியை நீக்கும் பிரேரணையைக் கொண்டுவந்த கொன்வே செயலாளருள் ஒருவரானார். அவ்வரியை ஆதரித்துப் பேசிய சாள்ஸ் ரவுன்செண்ட் நிதிப் பொறுப்பை ஏற்றார். சிறிது காலத்தில் சதாம் நோயுற்று ஒதுங்கினார். தலைவர் இல்லாத அச்சபையிலே 1767இல் ரவுன்செண்ட் கண்ணாடி, ஈயம், தீந்தை, காகிதம், தேயிலை ஆகியவற்றின்மேல் அமெரிக்காவில் வரி விதித்தார். வரியை எதிர்த்தவர் பெயரால் அமைந்த சபையே வரியை விதித்தது. 1770இல் ஏனையவை நீக்கப்பட்டும் தேயிலை வரி மட்டும் நின்றது. 1773 டிசெம்பரில் பொஸ்ரன் துறைமுகத்திலே தேயிலை கடலுக்குட் சென்றது. 1774 ஏப்பிரில் 19ஆம் நாள், அவ்வரியையும் நீக்குக என்ற பிரேரணையை ஆதரித்துப் பேர்க் பேசினார்.

சதாமை முதலில் மிக உயர்த்திப் புகழ்ந்த பின்னரே பேர்க் அவரது மந்திரிசபையின் அமைப்புக்கு வருகிறார். அதனைப் பொருத்துத் தச்சு வேலை ஒன்றாக உருவகிக்கிறார். பற்கள் முரணாக வெட்டப்பட்டு, மனம்போன போக்கிற் புறாவால் வைத்து இணைக்கப்பட்டது அது என்பது அவர் கருத்து. உடனே, பலநிற மரத்துண்டுகள் இழைத்த 'கபினெற்' என்கிறார். பின்னர், வண்ணக் கற்பதிப்பு என்கிறார். ஈற்றில், சாந்தின்றிப் பரவிய கற்றளம் என்றும், தொடுவதற்கும் நிற்பதற்கும் உறுதியற்றது என்றும் முடிக்கிறார். 'கபினெற்' என்னும் சொல் சிலேடை. மந்திரிசபைக்கும் பெயர் அதுவே, லாச்சிகள் பல கொண்ட அலங்கார அலுமாரிக்கும் பெயர் அதுவே. சிப்பண்டேல் தமது தளபாட வரைபட நூலை 1754இல் வெளியிட்டிருந்தார். மகோக்கனி மரவேலை இலண்டனிலே உச்சநிலை அடைந்திருந்த காலம் அது. சபையில் இருந்த கனவான்களின் வீடுகளிலே உயர்ந்த அலுமாரிகளுக்குக் குறைவில்லை. அவர்கட்கு இச்சிலேடையை விளக்க வேண்டியிருந்திராது.

இப்பகுதியைப் புகழ்வோர் பெரும்பாலும் உருவகங்களின் பெருக்கத்தையே புகழ்வர். ஒன்று போதுமான இடத்தில் நான்கு ஏன் என்று கேட்பாரும் உளர். பேர்க் மேலும் மேலும் நுணுக்கிச் செல்லக் கேட்போர் உணவை நினைத்தனர் என்ற பொருள்பட, அவர் நண்பர் கோல்ட்ஸ்மித்தே அதே 1774இல் வெளிவந்த பாட்டொன்றிற் கேலி செய்திருக்கிறார். எமக்கோ இங்குள்ள நான்கும் வெறும் அடுக்காகத் தோன்றவில்லை, இறங்கும் படிகளாகவே தோன்றுகின்றன. புறாவாற் பொருத்து உள்ளிருந்து பிடிக்கும் வலிமை உடையது. மர இழைப்பு மேற்பரப்பில் மட்டும் உள்ளது, பசையால் நிற்பது. கற்பதிப்பிலே ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உட்பிடிப்பே இல்லை. சாந்தற்ற தளத்தில் அயலில் இருத்தல் என்னும் உறவைத் தவிர வேறு உறவில்லை. இணைப்பு படிதோறும் தளர்ந்து இறுதியில் ஒன்றுமில்லாமற் போகிறது. மரத்திலிருந்து கல்லுக்குத் தாவியது குற்றம் என்று ஆசிரியர் சிலர் குறி இடக்கூடும். ஆயின் கல்லிற் புறாவால் வெட்டுதல் அக்காலத்தார்க்குப் புதுமையன்று. பிளிமத் துறைக்கு அப்பாலுள்ள எடிஸ்ரன் பாறையிலே ஜோன் ஸ்மீற்றன் கருங்கற்களை ஒன்றோடொன்று புறாவாலாகப் பூட்டிக் கட்டிய வெளிச்சவீடு 1759 ஒக்ரோபரில் ஒளியேற்றப்பட்டு, பேர்க் பேசிய நாளிலும் கடலை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. கல்லும் பூட்டினால் நிற்கும் என்று கண்ட தலைமுறைக்கே பூட்டில்லாத தளத்தைப் பேர்க் காட்டுகிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலே டவ்டெயில் என்பதற்குப் பொருள் கூறுகையில், தலைகீழான ஆப்பு வடிவுடைமையின் கழன்று விழாதது என்ற கருத்தைத் தருகிறார். கழன்று விழாமையே அச்சொல்லின் உயிர். அவ்வாறிருக்க, கழன்று விழுந்த ஒன்றுக்கு இச்சொல்லைப் பேர்க் எவ்வாறு பொருத்தினார்? விடை 'மனம்போன போக்கில்' என்னும் அடையில் இருக்கிறது. குற்றம் பொருத்தின்மேல் அன்று, பொருத்தினவன்மேல். வேறு வேறு மரங்களைச் சேர்த்ததும் குற்றமன்று. முகப்பு மகோக்கனியாகவும் பக்கங்கள் ஓக்காகவும் லாச்சி செய்தல் அக்காலத் தச்சர்க்கு நாள்தோறும் உள்ள வேலை. வேறுபட்ட மரத்தையும் நாரோட்டம் அறிந்து, இழுப்பின் திசை அறிந்து, அளவெடுத்து வெட்டினால் நிற்கும். சதாம் அளவெடுக்கவில்லை. கம்டனுக்கும் ரவுன்செண்டுக்கும் இடையே எவர் எவர்க்காக வெட்டப்படுதல் வேண்டும் என்று அவர் தீர்மானிக்கவில்லை. தம் கையின் பிடியையே வச்சிரமாக நம்பினார், கை விலகியது. உடனே பற்கள் தத்தம் திசையில் நழுவின. தச்சு நுட்பத்தை அறிந்து படிக்கும்போது இப்பகுதி வசையாக நில்லாமல், ஏன் முறிந்தது என்று காட்டும் ஆய்வாகிறது.

தளபாட உருவகம் இதனோடு நிற்கவுமில்லை. முன்பின் பேசியறியாதவர்கள் ஒரே பதவியை இருவராய்ப் பங்கிட்டுக்கொண்ட நிலையைக் காட்ட, பெரிய கட்டிலின் கீழே தள்ளி வைக்கும் சில்லுக்கட்டில் ஒன்றில் அவர்களைப் பேர்க் சேர்த்துப் படுக்க வைக்கிறார். அலங்கார அலுமாரி வேலைக்காரர் கட்டிலாகிவிட்டது. கத்தி போன்ற தொழிற்கருவிச் சொற்கள் உயர்ந்த நடைக்கு ஒவ்வா என்று ஜோன்சன் 1751இல் 'ராம்பிளர்' கட்டுரையொன்றில் எழுதியவர். அவருடைய நண்பராகிய பேர்க், அத்தகைய சொற்களையே நாட்டின் முதற் சபையில் வேண்டுமென்று ஆண்டார். பிரபு ஒருவரைத் தச்சராக்கியதோடு அமையாமல் திறமையற்ற தச்சராக்கியதிலேயே இழிவு இருக்கிறது.

பேர்க் நடுநின்று பேசினார் என்று நாம் மயங்கவேண்டியதில்லை. தம் தலைவரை அகற்றிவிட்டு வந்த சபையையே அவர் பழிக்கிறார். ஒரு கொள்கையில் உடன்பட்டவர் கூடுவதே கட்சி என்று 1770இல் எழுதிய நூலிலே கூறியவர், கொள்கையின்றிக் கூட்டிய சபையைக் கண்டு மகிழமாட்டார். றொக்கிங்ஹாமின் சபையும் ஓராண்டே நின்றது என்பதை அவர் நினைவூட்டுவதில்லை. ஆயினும், கட்சிப்பற்றுடையவன் கூறியதனாலே கூற்றுப் பொய்யாகிவிடாது. பிரேரணை தோற்றது. சொற்பொழிவு 1775 தொடக்கத்தில் அச்சாகியது. பேர்க் பேசிய நாளிலிருந்து சரியாக ஓராண்டு கழித்து, 1775 ஏப்பிரில் 19ஆம் நாள் லெக்சிங்ரனில் வெடி தீர்ந்தது.

இந்த இடத்தில் ஏளனக் குறிப்போடு நின்ற சொல், பின்னர் மெல்ல மெல்லப் புகழ்ச்சொல்லாக மாறியது. மரவேலையில் இதற்கு நேர்மாறாகச் சென்ற சொல்லும் உண்டு. விலையுயர்ந்த மரத்தை மெல்லிய தகடாக அறுத்து, அசையாத மட்டமான மரத்தின்மேல் ஒட்டும் 'வெனியர்' வேலை பட்டறையில் நேர்மையான கலை. ஏட்டிலோ அது போலிப் பகட்டுக்கே பெயராயிற்று. டிக்கன்ஸ் 1864-65இல் வெளியிட்ட 'எமது பொது நண்பர்' என்னும் நாவலிலே, எல்லாம் புத்தம் புதிதாய் மினுக்கும் ஒரு செல்வக் குடும்பத்துக்கு அச்சொல்லையே குடும்பப் பெயராக்கினார். உருவகம் தொழிலாளர்க்கு நீதி செய்யும் என்று எதிர்பார்த்தல் வீண்.

டவ்டெயில் என்பது புகழ்ச்சொல் ஆனதில் எமக்கு வழக்கில்லை. அதன் இலக்கணம் மாறியதிலேயே வழக்குண்டு. முன்னர் அது செயப்படுபொருள் குன்றாவினை. ஒருவன் ஒன்றை மற்றொன்றோடு டவ்டெயில் செய்தான். இன்று அது பெரும்பாலும் குன்றியவினை. இரண்டும் தாமே டவ்டெயில் ஆகின்றன. பொருத்தினான் என்றிருந்தது பொருந்தின என்றாயிற்று. எழுவாயாகிய தச்சன் வாக்கியத்தினின்று வெளியேறினான். அவனோடு, எது முதலில் வெட்டப்பட்டது, எது அதற்கேற்ப வெட்டப்பட்டது என்ற வினாவும் வெளியேறியது.

முற்றிலும் இறந்த உருவகம் சாதாரணச் சொல்லாகிவிடுதலின் அதனால் தீங்கில்லை என்றும், இறந்தும் இறவாமலும் கிடப்பவையே சிந்தனையைக் கெடுப்பவை என்றும் ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய அரசியல் மொழி பற்றிய கட்டுரையிற் கூறினார். இச்சொல் இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பது எம் கருத்து. இரு நீரோட்டங்கள் டவ்டெயில் ஆயின என்று ஒருவர் எழுதினும் இன்று எவரும் நகையார், ஆதலின் அது இறந்தது போலும். ஆனால் வெறுமனே 'பொருந்தின' என்று எழுதாமல் இச்சொல்லைத் தேடி எடுப்பதன் காரணம் யாது? கைத்திறன் வாய்ந்த ஒருவர் அளவு பார்த்துச் செய்தார் என்ற மதிப்பு அச்சொல்லில் இன்னும் சிறிது ஒட்டியிருப்பதே. அம்மதிப்பைக் கடன் வாங்குவோர் அத்தச்சன் யார் என்று சொல்லும் கடனைக் கழிப்பதில்லை.

ஆசிரியராகிய எமக்கு அண்மையில் உள்ள உதாரணம் ஒன்றைக் கூறுவதில் தவறில்லை. கல்வி தொழில்வாய்ப்புகளோடு டவ்டெயில் ஆகவேண்டும் என்னும் வாக்கியம் கல்வி பற்றிய ஆங்கில உரைகளிற் பழகிப்போனது. கேட்பதற்கு இனியது, மறுப்பதற்கும் அரிது. பட்டறை அறிவுடைய மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இவ்விரண்டில் எந்தப் பலகையை முதலில் வெட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் அவ்வுரை அங்கேயே தடைப்படும். தொழில்வாய்ப்பு என்னும் பலகையில் எவரும் உளி வைக்கப்போவதில்லை. வெட்டுப்படுவது பாடத்திட்டமும் அதனுள் இருக்கும் பிள்ளையுமே. அது வேண்டுவதா, வேண்டாததா என்பது வேறு விவாதம். அவ்விவாதம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டது போலக் காட்டுவது அச்சொல்.

தமிழில் மொழிபெயர்ப்போர்க்கு இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. அலுவலக அறிக்கையிலே இச்சொல் வருமிடத்து 'இயைந்தன', 'பொருந்தின' என்று எழுதுவதே தக்கது. அங்கே புறாவால் என்று எழுதினால் படிப்பவர் திகைப்பர். பேர்க்கை மொழிபெயர்க்கப் புகுவோர் அவ்வாறு செய்ய முடியாது. 'கபினெற்' என்னும் சிலேடை தமிழில் எப்படியும் விழுந்துபோகும். மந்திரிசபைக்கும் அலுமாரிக்கும் பொதுவான சொல் எம்மிடம் இல்லை. அவ்விழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 'முரண்பட்டவர்கள் இயைந்த மந்திரிசபை' என்று எழுதிவிட்டால் வெட்டியவன் கையும் உளியும் மறைந்து, பேர்க் யாரைக் குற்றஞ்சாட்டினார் என்பதே தெரியாமற் போய்விடும்.